ஏற்றத்தில் உருட்டிய சைக்கிள்



சென்ற மாதம் இப்பக்கத்தில், நாற்பது வயதுக்கு மேல் சைக்கிள் பழகும் பெண்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு சகோதரி பண்டாரவளையிலிருந்து கடிதம் போட்டிருக்கிறார். "நீங்கள் மட்டக்களப்பின் சமதரையில் ஓடிவிட்டு எல்லாப் பெண்களுக்கும் சைக்கிள் தேவை என்று எழுதுகிறீர்கள். எங்கள் பக்கம் வந்து ஓடிப் பாருங்கள்" என்று கேட்கிறார். நியாயமான பேச்சு. அவருக்கு நான் சொல்ல வேண்டிய பதில் ஒன்று உண்டு. ஒரு தடவை வந்து ஓடிப் பார்த்திருக்கிறேன், தங்கையே. ஓடியதைவிட உருட்டியதுதான் அதிகம். அந்தக் கதையை இம்மாதம் சொல்கிறேன்.

அதற்கு முன் என் சைக்கிளின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1990 இல் என் கணவர் வீடு திரும்பாமற் போனார். அவருடைய சைக்கிள் மட்டும் திண்ணையோடு சாய்ந்து நின்றது. எனக்கு அப்போது 28 வயது, இரண்டு பிள்ளைகள். ஆசிரியர் நியமனம் கிடைத்தது படுவான்கரையில். குருக்கள்மடத்துத் துறையில் ஓடத்தில் ஏறி அம்பிளாந்துறையில் இறங்கினால், அதற்கப்பால் வயல்வழியே நீண்ட தூரம் போக வேண்டும். நடந்து போனால் முதற்பாடத்துக்கு முகம் கழுவக்கூட நேரமிராது. ஆண்களின் சைக்கிளில் குறுக்கே கிடக்கும் கம்பி சேலையோடு ஏறுவதற்கு ஒத்துவராது. ஆனாலும் விழுந்தெழும்பிப் பழகினேன். ஊர் இரண்டு கிழமை சிரித்தது. மூன்றாம் கிழமை மறந்துவிட்டது.

பின்னர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பெண்கள் சைக்கிள் வாங்கினேன். எங்கள் மகளிர் சங்கத்தில் என்னைப் போலக் கணவனை இழந்த பெண்களுக்கு மாலை நேரங்களில் பள்ளி மைதானத்தில் பழக்கினோம். சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, பிரதேச செயலகத்துக்கு என்று யாரையும் கெஞ்சாமல் அவர்கள் போய்வந்ததைக் கண்ணால் கண்டேன். அதனால் ஒரு பெண்ணிடம் சைக்கிள் ஒன்று இருந்தால் பாதிக் கஷ்டம் தீரும் என்பது என் மனதில் வேதவாக்காகிவிட்டது. அந்த எண்ணத்தோடுதான் 2016 ஓகஸ்ட் விடுமுறையில், 54 வயதில், மலையேறப் புறப்பட்டேன். கூட வந்தவள் எங்கள் சங்கத்துத் தங்கச்சி ஒருத்தி. அவளிடம் கியர் உள்ள சைக்கிள். என்னிடம் கூடையும் மணியுமுள்ள பழைய லுமாலா.

சைக்கிள்களை ஏற்றிச் செல்ல மரக்கறி லொறி ஒன்று உதவியது. இரவில் கோவாவும் கரட்டும் கொண்டு மட்டக்களப்புக்கு வரும் லொறிகள் விடியற்காலையில் வெறுமையாகத் திரும்பிப் போகும். செங்கலடியில் திரும்பி, கறுத்தப்பாலத்தைக் கடந்து, கரடியனாறு, மகாஓயா, பிபிலை என்று போனோம். வாழ்நாள் முழுவதும் 'பதுளை வீதி' என்று சொல்லி வந்திருக்கிறேன். அந்த வீதி உண்மையிலேயே பதுளைக்குப் போகிறது என்பதை அன்றுதான் கண்டேன். பண்டாரவளையில் எங்களை இறக்கிவிட்ட சாரதி, சைக்கிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

பண்டாரவளையிலிருந்து அப்புத்தளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள் ஏறவேண்டிய உயரம் சுமார் 200 மீற்றர். எங்கள் ஊரில் உயரமென்று சொல்லக் கல்லடிப் பாலத்தின் ஏற்றம்தான் உண்டு. தியத்தலாவைப் பக்கம் வரும்போதே இறங்கிவிட்டேன். அதன் பின் கொஞ்சம் ஓட்டம், நிறைய உருட்டல். மூன்று மணித்தியாலம் சென்றது. வழியில் ஒரு பெண்ணையாவது சைக்கிளில் காணவில்லை. ஆண்களையும் காணவில்லை. மட்டக்களப்பில் பள்ளி விடும் நேரத்தில் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் வீதியை அடைத்துக்கொண்டு சைக்கிளில் வருவார்களே, அந்தக் காட்சி இங்கே இல்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். மூச்சு வாங்கிய வாங்கலில் யோசனை வரவில்லை.

நாங்கள் தங்கிய இடம் அப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்னைக்குப் போகும் வீதியோரம் உள்ள ஒரு சிறிய விடுதி. பெயரை விட்டுவிடுகிறேன், அதை நடத்தும் அக்காவுக்கு விளம்பரம் பிடிக்காது. தகரக் கூரை. ஒரு நீள மண்டபத்தில் 14 இரும்புக் கட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மெத்தை, இரண்டு கம்பளி. குளிக்கச் சுடுதண்ணீர் வேண்டுமானால் விறகடுப்பில் நாமே வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கட்டிலுக்கு இரவொன்றுக்கு 500 ரூபா. சாப்பாடு தடித்த கோதுமை ரொட்டியும், மிளகாய்ச் சம்பலும், பருப்பும். "சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைக்க வேண்டும், காலையில் மண்டபத்தைக் கூட்ட வேண்டும், எட்டு மணிக்குப் பிறகு சத்தம் கூடாது" என்று அக்கா வாசலிலேயே சொல்லிவிட்டார்.

மண்டபத்தின் மற்ற அரைவாசியை ஒரு சேலைத் திரை மறைத்திருந்தது. அதற்கப்பால் மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் விடயம் விளங்கியது. தவணைக் காலத்தில் இது தோட்டத்துப் பெண்பிள்ளைகள் தங்கி உயர்தரம் படிக்கும் விடுதி. விடுமுறையில் அவர்கள் வீட்டுக்குப் போனதும் வெறுமையாகும் கட்டில்களை எங்களைப் போன்ற வழிப்போக்கருக்குக் கொடுத்து, அந்தப் பணத்தில் அடுத்த தவணைக்கு மாவும் பருப்பும் வாங்குகிறார்கள். அந்த வருடம் ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்ததால், பரீட்சை எழுதும் நான்கு பிள்ளைகள் மட்டும் வீட்டுக்குப் போகாமல் திரைக்கப்பால் இருந்தார்கள்.

இதைக் கேட்டதும் பழைய செய்தி ஒன்று நினைவுக்கு வந்தது. ஜெர்மனியில் ரிச்சர்ட் சிர்மான் என்றொரு பள்ளிக்கூட ஆசிரியர் இருந்தார். 1909 ஓகஸ்டில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நடைப்பயணம் போனபோது பெரும் இடிமழையில் அகப்பட்டு, ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பி இரவைக் கழித்தார்கள். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் வகுப்பறைகளை நடந்து வரும் பிள்ளைகள் தங்கும் இடமாக்கினால் என்ன என்ற எண்ணம் அன்றிரவு அவருக்கு வந்தது. 1912 இல் ஆல்டெனா என்ற ஊரின் பழைய கோட்டையில் அவர் நிலையான விடுதியொன்றைத் தொடங்கினார். உலகம் முழுவதும் பரவிய இளைஞர் விடுதிகளுக்கு அதுதான் ஆரம்பம். இங்கிலாந்தில் 1930 இல் இந்த இயக்கம் வேரூன்றியபோது, நடந்தோ சைக்கிளிலோ வருபவர்களுக்கே இடம். தங்குபவர்கள் ஆளுக்கொரு வேலை செய்ய வேண்டும் என்பது வழக்கம். நம் அக்கா அந்த ஆசிரியரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். வெறும் கட்டிலைப் பார்த்து இருவருக்கும் ஒரே எண்ணம் வந்திருக்கிறது.

இரவு கோப்பை கழுவும்போது பரீட்சைப் பிள்ளைகளில் ஒருத்தி அடுப்படிக்கு வந்தாள். புவியியல் வினாத்தாள் இன்னும் எழுதக் கிடந்தது அவளுக்கு. வெளியில் காற்று தகரத்தைப் பிய்த்தெடுக்கப் பார்த்தது. "இதென்ன பிள்ளை, இப்பிடிக் காத்து?" என்று கேட்டேன். அவள் பாடம் ஒப்புவிப்பதுபோல் சொன்னாள். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலையின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, ஈரமிழந்து இந்தப் பக்கம் இறங்குகிறது. அதனால் ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வரண்ட காற்று. அந்தக் காற்றுப்பட்ட கொழுந்தில்தான் ஊவாத் தேயிலையின் தனி மணம் வருகிறது. "அது இன்னும் கீழ எறங்க எறங்கச் சூடாகிரும். ஒங்க ஊருல அதத்தான் கச்சான்னு சொல்லுவாங்க, இல்லையா டீச்சர்?" என்றாள்.

ஐம்பது வருடமாகக் கச்சான் காற்றில் வெந்திருக்கிறேன். அது எந்த வாசலால் வருகிறதென்று அந்தப் பிள்ளைதான் எனக்குக் காட்டித்தந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லிப்டன் சீட் வரை போவதென்று முடிவு. 1890 இல் தோமஸ் லிப்டன் இங்கே தோட்டங்களை வாங்கி, தம்பேத்தன்னைத் தேயிலைத் தொழிற்சாலையையும் கட்டினார். அந்த முனையில் அமர்ந்துதான் தன் தோட்டங்களைப் பார்வையிடுவாராம். தெளிந்த நாளில் அங்கிருந்து ஐந்து மாகாணங்கள் தெரியும் என்பார்கள். நாங்கள் புறப்படும்போது அந்தப் பிள்ளை ஒரு கடிதத்தைத் தந்தாள். "அம்மாகிட்ட குடுத்துருங்க டீச்சர். ஃபேக்டரிக்கு மேல மூணாவது லயம்."

விடிய ஐந்து மணிக்கு ரோர்ச் வெளிச்சத்தில் தொடங்கினோம். தொழிற்சாலை வரை ஓடலாம். அதற்கு மேல் ஏழு கிலோமீற்றர் வளைவும் திருப்பமுமாக ஏறுகிறது. கியர் வைத்திருந்த தங்கச்சியும் நாலாவது வளைவில் இறங்கிவிட்டாள். இருபுறமும் தேயிலை, மேலே வானம், எங்கள் செயினின் 'கிறீச்' சத்தம். தலையில் விறகுச்சுமையோடு எங்களைக் கடந்து ஏறிய ஒரு பாட்டி, "சாமானா ஏத்திட்டுப் போறீங்க?" என்று கேட்டார். சாமான் ஒன்றுமில்லை, சும்மா பார்க்கப் போகிறோம் என்றேன். "அப்ப சைக்கிள எதுக்குத் தள்ளிட்டுப் போறீங்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

உச்சிக்குப் போய்ச் சேர ஒன்பதரை. பனிமூட்டம் எங்களை முந்திவிட்டது. ஐந்து மாகாணத்தில் ஒன்றும் தெரியவில்லை. அரை மணி நேரம் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு, பிறேக்கைப் பிடித்தபடி இறங்கினோம். இரண்டு கிலோமீற்றரில் என் முன் பிறேக்கின் ரப்பர்கட்டை தேய்ந்து இரும்பு உராயத் தொடங்கியது. ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டது. மிச்சத் தூரத்தை இறக்கத்திலும் உருட்டினேன்.

அந்த அம்மா லயத்து வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். கடிதத்தை வாங்கி, கையைத் துடைத்து, சின்ன மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். சின்னவள் எட்டாம் வகுப்பு. எங்களுக்குச் சாயத்தண்ணீரும் கருப்பட்டித் துண்டும் வந்தன. "மேல போயிட்டா வர்றீங்க? முப்பது வருசமா அதுக்குக் கீழதான் கொழுந்து எடுக்கிறேன். அதுல ஒக்காந்து பாக்க நேரம் வரல" என்றார் அந்த அம்மா. "நாங்களும் ஒன்றையும் காணவில்லை" என்றேன். இருவரும் சிரித்தோம்.

வீட்டுச் சுவரில் ஒரு வெடிப்பு கீழிருந்து மேலே போயிருந்தது. அதன் நுனியில் சோக்கட்டியால் கோடுகள். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, வெடிப்பு வளர்கிறதா என்று ஒவ்வொரு மழைக்கும் அடையாளம் போடுகிறாராம்.

சின்னவள் என் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மணியை அடித்துப் பார்த்தாள். என் வேதவாக்கு எனக்குள் எழும்பியது. "இந்தச் சைக்கிளை இவளுக்கு விட்டுட்டுப் போறன். பிறேக் மாத்தினாச் சரி. பள்ளிக்கூடம் போய்வரட்டும்" என்றேன். என்னை நானே மெச்சிக்கொண்ட கணம் அது.

அந்த அம்மா அவசரப்படாமல் பதில் சொன்னார். "மனசுக்குச் சந்தோசம் டீச்சர். ஆனா எறங்கையில சைக்கிள் புள்ளயத் தூக்கிட்டுப் போகும். ஏறையில புள்ள சைக்கிளத் தூக்கிட்டு வரணும். மழையில பிறேக்கு நிக்காது." பிறகு கடிதத்தை மடித்தபடி சொன்னார். "பெரியவளுக்கு அந்த அக்கா ஒரு கட்டில் குடுத்தாங்க. அதனாலதான் இம்புட்டுத் தூரம் படிச்சா. சின்னவளுக்கும் வேண்டியது ஒரு கட்டில் டீச்சர். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல."

திரும்பி வரும் வழியில் தங்கச்சியும் நானும் அதிகம் பேசவில்லை. அந்த அம்மாவின் கணக்கை அக்கா விரித்துச் சொன்னார். தோட்டத்துப் பாடசாலைகள் பலவற்றில் மேல்வகுப்புகள் கிடையாது. உயர்தரத்துக்கு நகரத்துக்கு வரவேண்டும். மேற்பிரிவுகளிலுள்ள பிள்ளை விடிவதற்கு முன் இறங்கி, தொழிற்சாலையடியில் பஸ் பிடித்து வரவேண்டும். பின்னேர வகுப்பு முடிந்தால் இருட்டில் தனியே தேயிலைக்குள் ஏறவேண்டும். எந்தத் தாய் அனுப்புவாள்? தாய்க்கோ விடியற்காலையில் பிரட்டுக்களம். நாளுக்கு 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர், இல்லாவிட்டால் அரைப்பேர். மகளைக் கூட்டிவரப் போனால் அன்றைய பேர் போய்விடும். இப்படித்தான் சாதாரண தரம் சித்தியடைந்த பிள்ளைகளும் கொழும்பில் தையல் ஆலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறார்கள். "14 கட்டில்தான் கெடக்கு. இந்த வருசம் கேட்டு வந்தவங்க 30 பேருக்கு மேல" என்றார் அக்கா.

எங்கள் ஊரில் ஓடமும் வயலும் தாண்ட சைக்கிள் எனக்குச் செய்த உதவியை, இந்த மலையில் ஓர் இரும்புக் கட்டில் செய்கிறது. இதை விளங்கிக்கொள்ள நான் ஏழு கிலோமீற்றர் சைக்கிளை உருட்ட வேண்டியிருந்தது.

ஊருக்கு வந்ததும் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். அவ்வருடம் இரண்டு சைக்கிள் வாங்க ஒதுக்கிய பணத்தில் இரண்டு கட்டிலும் மெத்தையும் வாங்கி, அதே மரக்கறி லொறியில் அனுப்பினோம். 14 கட்டில் 16 ஆயிற்று. 2017 ஜனவரியில் பெறுபேறு வந்தபோது பெரியவள் மூன்று பாடங்களிலும் சித்தி. பின்னர் கல்வியியற் கல்லூரிக்குப் போய், இன்று ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறாள். சின்னவளின் கதை வேறு. அவள் உயர்தரம் தொடங்கிய 2020 இல் கொரோனா வந்து பள்ளிகளும் விடுதியும் மூடப்பட்டன. கைத்தொலைபேசியில் பாடம் என்றார்கள். லயத்தில் தொலைபேசி ஒன்று, சிக்னல் இல்லை. 2021 இல் அவள் தையல் ஆலைக்குப் போய்விட்டாள். விடுதி திரும்பத் திறந்தபோது அவளுக்கென்று வைத்திருந்த கட்டிலில் வேறொரு பிள்ளை படுத்தாள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டு, நாடெங்கும் நூற்றுக்கணக்கானோரின் உயிரைக் கொண்டுபோனபோது, நான்கு நாளாக அக்காவின் தொலைபேசி எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் எடுத்தார். "அடுப்படிச் சுவர் விழுந்திருச்சு, மண்டபம் நிக்குது. கட்டிலுக்கு மூணு பேரு படுத்திருக்கோம்" என்றார். சுவர் வெடித்த லயங்களின் தாய்மாரும் பிள்ளைகளும் அங்கே. அந்த அம்மாவும் அங்கேதான். சோக்கட்டிக் கோடு கூரை வரை போய்விட்டதாம்.

பண்டாரவளைச் சகோதரிக்கு இப்போது என் பதில். சைக்கிள் எல்லாப் பெண்களுக்கும் தேவை என்று எழுதியது பிழை. தனக்கு எது தேவை என்பதை அந்தந்த ஊர்ப் பெண்தான் சொல்ல வேண்டும். கொடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டும்.

ஆனாலும் மலைப்பக்கம் சைக்கிளில் போக ஆசைப்படும் சகோதரிகள் சில விடயங்களைக் கவனியுங்கள். புறப்படுமுன் பிறேக் கட்டைகளைப் புதிதாக மாற்றுங்கள். நீண்ட இறக்கத்தில் இரு பிறேக்கையும் விட்டுவிட்டுப் பிடியுங்கள்; இடையிடையே நின்று ரிம் ஆறட்டும். செங்குத்தான திருப்பங்களில் இறங்கி நடங்கள். சேலையைவிடச் சல்வார் நல்லது. காற்றடிக்கும் பம்பும் ஒட்டுச் சாமானும் மழைச்சட்டையும் கையோடிருக்கட்டும். தங்குமிடத்துக்கு வரும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மழை எச்சரிக்கை உள்ள நாளில் மலைவீதியில் இறங்கவே வேண்டாம். ஏற்றத்தில் சைக்கிளை உருட்ட வெட்கப்படாதீர்கள். உருட்டும்போதுதான் வழியிலுள்ளவர்கள் நம்மோடு பேசுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. நாங்கள் புறப்பட்ட திங்கட்கிழமை காலை, பரீட்சைக்குப் போகுமுன் பெரியவள் வந்து, "ஒரு தடவ ஏறிப் பாக்கலாமா டீச்சர்?" என்று கேட்டாள். விடுதி முற்றத்தில் கட்டில் நீளத்துக்கு நாலு மடங்கு சமதரை இருந்தது. நான் பின்னால் பிடித்துக்கொள்ள, வெள்ளைச் சட்டையோடு மூன்று சுற்று ஓடினாள். மூன்றாம் சுற்றில் நான் கையை விட்டுவிட்டேன். அவள் கவனிக்கவில்லை.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.